410 பெண்களுக்கு குலுக்கல் முறையில் மருந்து! சினைப்பை புற்று நோய் சிகிச்சையை மாற்றிய டாக்டர்

உதவாக்கரை மரம் என்று காட்டில் வெட்டிப் போட்டு எரித்த ஒரு மரம். அதன் பட்டையில் ஒரு மருந்து. அந்த மருந்து பெண்களின் சினைப்பை புற்று நோய்க்கு பலிக்கும் என்று ஆஸ்பத்திரியில் நிரூபித்துக் காட்டினார், ஒரு டாக்டர்.

அவர் பெயர் வில்லியம் மெக்குயர். அமெரிக்காவைச் சேர்ந்த புற்று நோய் நிபுணர்.

இன்று சென்னை ஆஸ்பத்திரிகளில் சினைப்பை புற்று நோய்க்கு "டிரிப்ஸ்" ஏற்றுகிறார்கள். அதில் பெரும்பாலும் போவது "பாக்லிடாக்சல்", "கார்போபிளாட்டின்" என்ற 2 மருந்துகள்தான். முதல் மருந்து, அந்த மரப்பட்டையில் கண்டுபிடித்த மருந்து.

"எங்க அம்மாவுக்கு புது மருந்து கொடுத்து சோதனை பண்ணப் போறாங்களாம். கையெழுத்து போடலாமா, வேணாமா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பலரும் கேட்கும் கேள்வி இது. மெக்குயர் நடத்திய சோதனைகளின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது.

இதோ அந்த விவரம்:-

சத்தம் போடாத நோய்

பெண்களின் அடிவயிற்றில் கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் ஒவ்வொரு உறுப்பு இருக்கிறது. அதுதான் சினைப்பை. மாதம்தோறும் முட்டை வெளியாவது இங்கே இருந்துதான்.

இதில் புற்று நோய் வந்தால் லேசில் தெரியாது. வயிறு உப்புசம். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது. அடிவயிற்றில் வலி. அடிக்கடி சிறுநீர் வருவது. இவ்வளவுதான் அறிகுறி.

"வாயுத் தொல்லை" என்று சோடாவோ, ஓமத் தண்ணீரோ குடித்துவிட்டு பெண்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். டாக்டரிடம் வரும்போது பலருக்கு நோய் வயிறு முழுக்கப் பரவி இருக்கும்.

ஆபரேஷன் செய்து கட்டியை எடுப்பார்கள். ஒட்டிக்கொண்டு இருக்கும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. மிச்சத்தை மருந்து கொடுத்துத்தான் அழிக்க வேண்டும்.

1978-ம் ஆண்டு "சிஸ்பிளாட்டின்" என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. பிளாட்டினம் என்ற உலோகத்தில் இருந்து செய்த மருந்து அது. பல பெண்களுக்கு கட்டி கரைந்தது. டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

ஆனால் போன நோய் பலருக்கு திரும்பி வந்தது. இந்த முறை சிஸ்பிளாட்டினுக்கு அது அடங்கவில்லை. அடுத்து என்ன கொடுப்பது? டாக்டர்கள் கையைப் பிசைந்தார்கள்.

காட்டில் கிடைத்த பட்டை

இந்த இடத்தில் அந்த மரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்க அரசு 1960-ம் ஆண்டில் ஒரு வேலையைத் தொடங்கியது. செடி, கொடி, மரம் என்று ஆயிரக்கணக்கில் சேகரித்து, அவற்றில் புற்று நோய்க்கு மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

1962-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆர்தர் பார்க்லே என்ற தாவர நிபுணர் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு காட்டுக்குள் போனார். அங்கே "பசிபிக் யூ" என்ற மரத்தின் பட்டையை உரித்து எடுத்து வந்தார்.

யூ மரம் மெல்ல வளரும். உயரமும் அதிகம் இல்லை. மரம் வெட்டுகிறவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. நல்ல மரங்களை லாரியில் ஏற்றிவிட்டு, யூ மரத்தை குப்பையோடு சேர்த்து எரித்துவிடுவார்கள்.

அந்தக் குப்பை மரத்தில்தான் பொக்கிஷம் இருந்தது!

இந்தியரின் பங்கு

வடக்கு கரோலினா மாநிலத்தில் மன்ரோ வால் என்ற விஞ்ஞானி அந்தப் பட்டையை ஆராய்ந்தார். அவரோடு தோள் கொடுத்தவர் ஓர் இந்தியர். பெயர் மன்சுக் வாணி. மராட்டிய மாநிலம் நந்துர்பாரில் பிறந்து, பம்பாய் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா போனவர்.

இரண்டு பேரும் பட்டையில் இருந்து மருந்துப் பொருளைத் தனியாகப் பிரித்தார்கள். அதற்கு "டாக்ஸால்" என்று பெயர் வைத்தார்கள். அதன் ரசாயன அமைப்பை 1971-ம் ஆண்டு வெளியிட்டார்கள். பிற்காலத்தில் இதன் பொதுப் பெயர்தான் பாக்லிடாக்சல்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை 1979-ம் ஆண்டு கண்டுபிடித்தவர் ஒரு பெண் விஞ்ஞானி. நியூயார்க்கைச் சேர்ந்த சூசன் ஹார்விட்ஸ்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கயிறு மாதிரி இழைகள் உண்டாகும். வேலை முடிந்ததும் அவை கலைந்துவிட வேண்டும். டாக்ஸால் அந்த இழைகளைக் கலைய விடாது. இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். செல்லால் பிரிய முடியாது. செத்துப்போகும். புற்று நோய் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை. அதனால் அடி அவற்றுக்குத்தான் பலமாக விழும்.

ஆமணக்கு எண்ணெய் செய்த வினை

1984-ம் ஆண்டு மனிதர்களுக்கு கொடுத்துப் பார்க்கும் சோதனை தொடங்கியது. உடனே ஒரு சிக்கல்.

டாக்ஸால் தண்ணீரில் கரையாது. அதனால் ஆமணக்கு எண்ணெயில் இருந்து தயாரித்த ஒரு திரவத்திலும் சாராயத்திலும் கரைத்து, ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். சில நோயாளிகளுக்கு மூச்சு திணறியது. ரத்த அழுத்தம் தடால் என்று விழுந்தது. மருந்தையே கைவிட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

டாக்டர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதலில் அலர்ஜியைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுப்பது. பிறகு டாக்ஸாலை 24 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. இந்த வழி பலித்தது. நோயாளிகள் மருந்தைத் தாங்கினார்கள்.

40-ல் 12

இப்போது வருகிறார் டாக்டர் மெக்குயர்.

பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் அவர் வேலை பார்த்தார். ஏற்கனவே மருந்து கொடுத்தும் நோய் அடங்காத, அல்லது திரும்பி வந்த, சினைப்பை புற்று நோய் பெண்களுக்கு அவரும் அவருடைய குழுவினரும் டாக்ஸால் கொடுத்துப் பார்த்தார்கள்.

முடிவு 1989-ம் ஆண்டு வெளியானது. கணக்கில் எடுத்துக்கொள்ள முடிந்தவர்கள் 40 பேர். அதில் 12 பேருக்கு கட்டி சுருங்கியது. அதாவது 100-க்கு 30.

"பூ, இவ்வளவுதானா?" என்று கேட்கலாம். இவர்கள் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். மற்ற மருந்துகள் கைவிட்ட பெண்கள். சிஸ்பிளாட்டினுக்கு அசையாத கட்டிகளும் சில பெண்களுக்கு இதில் சுருங்கின. நிவாரணம் 3 மாதம் முதல் 15 மாதம் வரை நீடித்தது.

புற்று நோய் டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒருவருக்கு 3 மரம்

செய்தி பரவியதும் மருந்துக்கு கிராக்கி வந்துவிட்டது. ஆனால் மருந்து எங்கே?

ஒரு நோயாளிக்கு வேண்டிய மருந்துக்கு சுமார் 3 மரங்களின் பட்டை வேண்டும் என்று கணக்கு போட்டார்கள். அதுவும் பெரிய மரங்கள். பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். காட்டைக் காக்க வேண்டும் என்று ஒரு பக்கம் குரல். நோயாளிகளைக் காக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம் குரல்.

1992-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்க அரசு டாக்ஸாலுக்கு அனுமதி அளித்தது. முதலில் அனுமதி கிடைத்தது சினைப்பை புற்று நோய்க்குத்தான்.

பிறகு, வேறு வகை யூ மரங்களின் ஊசி இலையில் இருந்து ஒரு பொருளை எடுத்து, அதை டாக்ஸாலாக மாற்றும் முறை வந்தது. இலையைக் கிள்ளினால் மரம் சாகாது. திரும்பத் துளிர்க்கும். பட்டைக்காக மரத்தைக் கொல்லும் வேலை நின்றது.

குலுக்கல்

மருந்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருந்த அதே நேரத்தில்தான் டாக்டர் மெக்குயரின் பெரிய சோதனை நடந்தது.

1989-ல் வந்த முடிவு, கட்டி சுருங்குகிறது என்று மட்டும்தான் சொன்னது. பழைய மருந்தைவிட இது மேலா? ஆயுள் கூடுமா? அது தெரிய வேண்டும் என்றால் இரண்டையும் எதிர் எதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

1990-ம் ஆண்டு சோதனை தொடங்கியது. மகளிர் புற்று நோய் டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் ஆராய்ச்சிக் குழுவின் சார்பில், அமெரிக்காவின் பல ஆஸ்பத்திரிகளில் நடந்தது. சேர்ந்தவர்கள் 410 பெண்கள். எல்லோருமே நோய் முற்றியவர்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் 1 சென்டி மீட்டருக்கு மேல் கட்டி மிச்சம் இருந்தவர்கள்.

ஒரு பிரிவுக்கு அப்போது வழக்கத்தில் இருந்த சிகிச்சை. சிஸ்பிளாட்டினும் சைக்ளோபாஸ்பமைடும். இன்னொரு பிரிவுக்கு சிஸ்பிளாட்டினும் டாக்ஸாலும். 3 வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 6 முறை.

யாருக்கு எது? டாக்டர் முடிவு செய்ய முடியாது. நோயாளியும் கேட்டு வாங்க முடியாது. குலுக்கல்!

"உயிர் போகிற விஷயத்தில் குலுக்கலா?" என்று பதறத் தோன்றும். காரணம் இருக்கிறது.

டாக்டரிடம் விட்டால் என்ன ஆகும்? திடமாக இருக்கிறவர்களுக்கு புது மருந்தைக் கொடுத்துவிடுவார். அல்லது பாவப்பட்டு, ரொம்ப முடியாதவர்களுக்கு கொடுத்துவிடுவார். கடைசியில் பலித்தது மருந்தா, உடம்பின் பலமா என்று தெரியாமல் போய்விடும். குலுக்கல் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள் இருப்பார்கள். வித்தியாசம் மருந்து ஒன்றுதான்.

இன்னொன்று. பழைய மருந்து கிடைத்தவர்களை யாரும் ஏமாற்றவில்லை. அன்றைய தேதியில் வழக்கமாக கொடுத்த நல்ல சிகிச்சையே அவர்களுக்கு கிடைத்தது. புது மருந்து மேலானது என்று அப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரிந்து இருந்தால் குலுக்கல் போடுவது பாவம். தெரியாததால்தான் போட்டார்கள்.

24 மாதம், 38 மாதம்

1996-ம் ஆண்டு ஜனவரி மாதம் முடிவு அச்சில் வந்தது. கணக்குக்கு தகுதியானவர்கள் 386 பேர்.

பழைய சிகிச்சை பெற்ற பெண்களில் பாதிப் பேர் 24 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். டாக்ஸால் சேர்த்து வாங்கிய பெண்களில் பாதிப் பேர் 38 மாதத்துக்கு மேல் இருந்தார்கள்.

வித்தியாசம் 14 மாதம்!

நோய் குணமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் ஒரு தாய்க்கு 14 மாதம் என்பது சின்ன விஷயமா? ஒரு தீபாவளி, ஒரு பொங்கல். மகளுக்கு கல்யாணம் செய்து பார்க்கலாம். பேரனுக்கு காது குத்திப் பார்க்கலாம்.

இதற்கு விலையும் உண்டு. டாக்ஸால் வாங்கியவர்களுக்கு தலைமுடி கொட்டுவது அதிகம். ரத்த வெள்ளை அணுக்கள் குறைந்து காய்ச்சல் வருவதும் அதிகம். இதையும் சோதனை மறைக்கவில்லை. முடிவோடு சேர்த்து எழுதிவிட்டார்கள்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் 680 பெண்களிடம் இதே போல சோதனை நடந்தது. 2000-ம் ஆண்டில் வெளியான அந்த முடிவும் டாக்ஸால் பக்கமே சாய்ந்தது.

மாற்றிச் சொன்ன சோதனை

எல்லாம் ஒரே பக்கமாகப் போய்விட்டதா? இல்லை.

2002-ம் ஆண்டு ஐரோப்பாவில் இருந்து இன்னொரு முடிவு வந்தது. இதில் சேர்ந்தவர்கள் 2,074 பெண்கள். பாக்லிடாக்சலும் கார்போபிளாட்டினும் சேர்த்து வாங்கியவர்களுக்கும், பாக்லிடாக்சல் இல்லாத சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது அது. டாக்டர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது.

2003-ம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க சோதனை இன்னொரு படி முன்னே போனது. சிஸ்பிளாட்டினுக்குப் பதில், அவ்வளவாக உடம்பைப் படுத்தாத கார்போபிளாட்டினைக் கொடுக்கலாம், பலன் குறையாது என்று காட்டியது. பாக்லிடாக்சலை 24 மணி நேரம் ஏற்ற வேண்டாம், 3 மணி நேரம் போதும் என்றும் வழி திறந்தது. உலகம் முழுக்க அந்த ஜோடி நிலைத்துவிட்டது.

வயிற்றுக்குள் மருந்து

1989-ம் ஆண்டு மெக்குயர் குழுவில் இருந்த ஒரு பெண் டாக்டர் டெபோரா ஆர்ம்ஸ்ட்ராங். பின்னாளில் அவரே ஒரு பெரிய சோதனைக்கு தலைமை தாங்கினார்.

நோய் வயிற்றுக்குள் இருக்கிறது. மருந்தை கையில் ஏற்றுவானேன்? நேராக வயிற்றுக்குள்ளேயே விட்டால் என்ன? இதுதான் அவருடைய சோதனை.

2006-ம் ஆண்டு முடிவு வந்தது. ரத்தக்குழாயில் மட்டும் மருந்து ஏற்றியவர்களுக்கு சுமார் 50 மாதம். வயிற்றுக்குள்ளும் மருந்து விட்டவர்களுக்கு சுமார் 66 மாதம். ஆனால் உபாதை தாங்காமல் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் 6 தடவையும் முடிக்க முடியவில்லை.

"இனி இதுதான் வழி" என்று பலர் நினைத்தார்கள். 2019-ம் ஆண்டு 1,560 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியானது. அதில் எல்லோருக்கும் இன்னொரு புது மருந்தும் சேர்த்து கொடுத்து இருந்தார்கள். வயிற்றுக்குள் மருந்து விட்டதால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை!

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சோதனை என்றால் அப்படித்தான். பெரிய டாக்டர் சொன்னார் என்பதற்காக அது தலை ஆட்டாது.

முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

இதற்கும் ஒரு பெரிய சோதனை நடந்தது. இங்கிலாந்தில் 2 லட்சத்து 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். சிலருக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. சிலருக்கு ஸ்கேன். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை.

2021-ம் ஆண்டு கடைசி முடிவு வந்தது. நோய் இல்லாத பெண்களுக்கு இப்படி வருடாவருடம் பரிசோதனை செய்ததால் சினைப்பை புற்று நோய் சாவு குறையவில்லை.

ஆகவே "முழு உடல் பரிசோதனை செய்தாச்சு, கவலை இல்லை" என்று இருந்துவிடக் கூடாது. வயிறு உப்புசமும் வலியும் வாரக் கணக்கில் விடாமல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. அம்மா, அக்கா, தங்கைக்கு மார்பகப் புற்று நோயோ சினைப்பை புற்று நோயோ வந்து இருந்தால், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. "மரப்பட்டையில் மருந்து இருக்குதாமே" என்று யாராவது யூ மரத்து பட்டையையோ இலையையோ கஷாயம் போட்டுக் குடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அதில் இதயத்தை நிறுத்தும் விஷம் இருக்கிறது. விஷத்தை ஒதுக்கி, மருந்தைப் பிரித்து, அளவு பார்த்து கொடுப்பதற்குத்தான் இத்தனை வருடம் ஆனது.

கையெழுத்து போடலாமா?

இப்போது வராந்தா கேள்விக்கு வருவோம்.

"எங்களை என்ன, எலின்னு நினைச்சீங்களா?" என்று கோபப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏழைகளை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களை விவரம் சொல்லாமல் சோதனையில் சேர்த்த கொடுமைகள் உலகத்தில் நடந்து இருக்கின்றன. அதனால்தான் சட்டம் வந்தது.

நம் நாட்டில் 2009-ம் ஆண்டு முதல் மருந்து சோதனைகளை அரசு பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். 2019-ம் ஆண்டு புதிய விதிகளும் வந்தன. அதன்படி சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும்.

சோதனையில் சேரச் சொன்னால், கையெழுத்து போடும் முன்பு டாக்டரிடம் இதை எல்லாம் தயங்காமல் கேளுங்கள்:

* இது எத்தனையாவது கட்ட சோதனை? முதல் கட்டம் என்றால், எந்த அளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பது. 2-ம் கட்டம், கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பது. 3-ம் கட்டம், பழைய மருந்தோடு மோத விடுவது.

* குலுக்கலில் புது மருந்து கிடைக்காவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை?

* என்ன என்ன உபாதை வரும்? வந்தால் ராத்திரியில் யாருக்கு போன் செய்வது?

* செலவு யாருடையது?

* ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்து இருக்கிறதா? பதிவு எண் என்ன?

* நடுவில் வேண்டாம் என்றால் விலகலாமா?

கடைசிக் கேள்விக்கு பதில் ஒன்றுதான். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது. சம்மதப் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய், பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வரலாம்.

பதில் திருப்தியாக இருந்தால் சேரலாம். இல்லை என்றால் "வேண்டாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, வழக்கமான சிகிச்சைக்குப் போகலாம். இரண்டுமே உங்கள் உரிமை.

அந்த 410 பெண்களும் கையெழுத்து போட்டபோது, தங்களுக்கு எந்த மருந்து வரப்போகிறது என்று தெரியாது. பழைய மருந்து வந்தவர்களுக்கு அந்த 14 மாதம் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்தக் கணக்கே இல்லை. டாக்டர் மெக்குயரின் பெயர் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர் எதிலும் இல்லை. அவர்கள் கொடுத்த முடிவில் இருந்து வந்த சிகிச்சைதான் இன்றைக்கும் நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டு இருக்கிறது.